மழைக்கு நிற்காத ஆட்டம்

பொறாமைக்கு வயது போவதில்லை என்பதை என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முழங்கால் தேய்கிறது, முடி கொட்டுகிறது, நேற்றுச் சந்தித்தவரின் பெயர் இன்று வாயில் வரமாட்டேன் என்கிறது. பதினொரு வயதில் ஒருத்தியைப் பார்த்து எரிந்த வயிறு மட்டும் இன்னும் சூடு ஆறாமல் கிடக்கிறது. அவள் பெயர் எனக்குத் தெரியாது. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டிருந்தாள். தலையில் என் அண்ணனின் தொப்பி.

அப்போது நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. அஜின்கோர்ட்டில் உயரமான ஒரு கட்டடத்தில் வீடு. உங்களில் பலரும் அப்படியான வீட்டில்தான் இருந்திருப்பீர்கள். லிஃப்டில் பத்து நாட்டுச் சமையல் மணக்கும், குளிர் தொடங்கினால் ஹீற்றர் இரவிரவாக டொக் டொக்கென்று தட்டும். எங்கள் வரவேற்பறை யன்னலால் பார்த்தால் வானம் நிறையத் தெரியும். அந்த வருட இலையுதிர்காலம் முழுவதும் நான் அந்த யன்னலோடுதான் ஒட்டிக்கொண்டு நின்றேன். காரணம் அண்ணன்.

அண்ணன் அந்த வருடம் தன் கல்லூரியின் புட்போல் அணியில் சேர்ந்திருந்தான். ஊரில் நாங்கள் அறிந்த உதைபந்தாட்டம் இல்லை இது. இரண்டு பக்கமும் கூரான பந்தைக் கையில் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவதும், ஓடுபவன் மேல் நாலு பேர் பாய்ந்து விழுவதும்தான் ஆட்டம். "உது விளையாட்டோ, அடிபாடோ?" என்று அம்மா கேட்டார். அண்ணன் உயரம் குறைவு, அகலம் கூடுதல். பள்ளிக்கூடத்தில் அவனைக் கட்டையன் என்று பகிடி பண்ணியவர்கள் உண்டு. அந்தக் கட்டை உடம்பை ஒரு கோச் தேடி வந்து கேட்டார் என்பதே எனக்குப் பெரிய புளுகமாக, தலைகால் தெரியாத சந்தோசமாக இருந்தது. என் வகுப்பில் ஒரு பிள்ளை மிச்சமில்லாமல் சொல்லிவிட்டேன்.

சொன்னால் மட்டும் போதுமா? பார்த்தால்தானே? அங்கேதான் அப்பா குறுக்கே வந்தார்.

அப்பா கிரிக்கெட்காரர். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பள்ளிக்கூட அணிக்கு விளையாடியவர். அவருடைய கடைசி வருடம், வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய போட்டியில், காலில் பாட் கட்டி, கையில் மட்டையோடு, அடுத்ததாக இறங்கக் காத்திருந்தாராம். மழை வந்தது. பாட்டைக் கழற்றாமலே பின்னேரம் வரை இருந்தாராம். மழை விடவில்லை, போட்டியைக் கைவிட்டார்கள். அவர் அதற்குப் பிறகு ஒருபோதும் மைதானத்தில் இறங்கவில்லை. இந்தக் கதையை அவர் மழை பெய்கிற நாளெல்லாம் சொல்லுவார். மழை வந்தால் ஆட்டம் நிற்கும் என்பது அவருக்கு இரவுக்குப் பின் பகல் வருவது மாதிரி.

செப்ரெம்பர் முதல் சனிக்கிழமை நல்ல மழை. நாங்கள் போவதாக இருந்தது. அம்மா இடியப்பமும் சம்பலும் கட்டி வைத்திருந்தார். அப்பா யன்னலைப் பார்த்தார், கார்ச் சாவியைத் திரும்பச் சுவர்க் கொளுவியில் மாட்டினார்.

"மட்ச் இல்லை. நிப்பாட்டியிருப்பாங்கள்."

"அண்ணா மட்சுக்குப் போட்டானே அப்பா?" என்றேன்.

"போனவன் திரும்பி வருவான். உந்த மழைக்குள்ளை ஆர் பிள்ளை விளையாடுறது?"

பின்னேரம் அண்ணன் வந்தான். தலை முதல் கால் வரை சேறு. புல்லும் மண்ணும் வியர்வையும் கலந்த மணம் கதவுக்கு முன்னே வந்துவிட்டது. முகம் முழுக்கச் சிரிப்பு. தான் ஓடியதை அவன் சொல்லத் தொடங்கினான். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"மழைக்கு மட்ச் நடந்ததோ?"

"ஓம் அப்பா. நல்லா நடந்தது."

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் குளிக்கப் போனதும் அம்மாவிடம் மெதுவாக, "எங்கை பிரண்டுபோட்டு வந்து ஆரைப் பேக்காட்டி ஏமாத்துறான்?" என்றார். எனக்கு அது கேட்டது. அண்ணனுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த போட்டியன்று வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. எல்லோருமாகப் போனோம். மரப் படிகளில் இருந்தோம், சுற்றிவர எல்லோரும் ஹொட்டோக் சாப்பிட, அம்மா முந்தானையால் மறைத்துக்கொண்டு இடியப்பம் பிரித்தார். அண்ணனைத் தேடினேன். களத்தில் இறங்காதவர்கள் காத்திருக்கும் ஓரத்து வாங்கில் இருந்தான். போட்டி தொடங்கியது, வாங்கில் இருந்தான். முடிந்தது, அப்போதும் வாங்கில்தான். அவனுடைய வெள்ளைக் காற்சட்டையில் ஒரு புல் ஒட்டவில்லை. அப்பா தன் கைக்கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நான் வகுப்பில் பீற்றிக்கொண்டதெல்லாம் நினைவுக்கு வந்து அழுகை முட்டியது.

இறங்கி வரும்போது வேலியடியில் அண்ணன் ஒரு வெள்ளைக்காரச் சிறுமியோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றான். கூட விளையாடுகிறவனின் தங்கை. என் வயதுதான் இருக்கும், முகமெல்லாம் சிறு புள்ளிகள். அண்ணன் என்னைக் காட்டி அவளுக்கு ஏதோ சொன்னான். அவள் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: "மழையில் உன் அண்ணனை ஒருவராலும் பிடிக்க முடியாது, தெரியுமா? நீ பார்த்ததே இல்லையா?"

இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்த்திருக்கிறேன் என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. என் அண்ணன், எனக்கு மாபிள் விளையாடக் காட்டித் தந்தவன், என் சைக்கிளுக்குக் காற்றடிப்பவன். அவனைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இவளுக்குத் தெரியும். அந்த எரிச்சலோடு காரில் ஏறினேன்.

காருக்குள் அண்ணன்தான் விளக்கம் சொன்னான். வெயில் நாளில் பந்தை எறிந்து பிடிப்பார்களாம், அதற்கு உயரமானவர்கள் வேண்டும். மழையிலும் காற்றிலும் எறிய முடியாது. அப்போதுதான் கோச் தன்னைக் கூப்பிடுவாராம்.

அப்பா வீதியைப் பார்த்தபடியே, "ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் எண்டாளாம்" என்றார். "உவருக்கு வெயில் கூடிப்போச்சாம்."

அண்ணன் வீட்டுக்கு வந்து, குசினியில் அம்மா வைத்திருந்த தேங்காயை எடுத்தான். தண்ணீர்க் குழாயின் கீழ் பிடித்து நன்றாக நனைத்து, "பிடி" என்று என்னிடம் எறிந்தான். அது என் கையால் வழுக்கி நிலத்தில் விழுந்து வெடித்தது. தேங்காய்த் தண்ணீர் நிலமெல்லாம் ஓடியது.

"கண்டியோ? உதுதான் மழை" என்றான். பிறகு பாதித் தேங்காயை நெஞ்சோடு இரண்டு கையாலும் அணைத்துக் குனிந்து காட்டினான். "இப்பிடிக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு ஓடினால் விழாது. எனக்கு அது வரும். உயரமானவங்களுக்கு வராது."

அம்மா இரண்டு பேருக்கும் ஏசினார். இரவு தேங்காய்ச் சம்பல் தின்றோம். அன்றிலிருந்து நான் மழை கேட்டுக் கும்பிடத் தொடங்கினேன். றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் மற்றப் பிள்ளைகள் சோதினை பாஸாக வேண்டும் என்று கேட்ட காலத்தில், நான் சனிக்கிழமைக்கு மழை கேட்டேன். பிள்ளையாரும் மனமிரங்கித் தந்தார். தந்தால் என்ன? மழை பெய்தால் அப்பா கார் எடுக்கமாட்டார். வெயில் எறித்தால் கார் போகும், அண்ணன் வாங்கில் இருப்பான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

ஒக்ரோபரில் குளிர் இறங்கியது. அம்மா அண்ணனுக்கு ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி வாங்கினார். தலை நனைந்தால் நெஞ்சில் சளி கட்டும் என்பது அம்மாவின் பயம். ஒவ்வொரு சனியும் ஃபிளாஸ்கில் மல்லித்தண்ணியும் கொடுத்துவிடுவார். தொப்பியின் உச்சி மொட்டையாக இருந்தது. நான் வெள்ளை நூலைக் கையில் சுற்றி, கட்டி, ஓரம் வெட்டி, ஒரு குஞ்சம் செய்து அதன் உச்சியில் தைத்தேன். ஒரு பக்கம் சற்றுச் சரிந்துதான் இருந்தது. பரவாயில்லை, அண்ணன் போட்டுக்கொண்டு போனான். நான் போக முடியாத இடத்துக்கு என் குஞ்சமாவது போகிறதே என்று எனக்குள் ஒரு ஆறுதல்.

அன்று காற்றோடு மழை. அண்ணன் வெறுந்தலையோடு திரும்பி வந்தான்.

"தொப்பி எங்கை?" என்றேன்.

"அண்டைக்கு வேலியடியிலை உன்னோடை கதைச்ச அந்தச் சின்னப் பெட்டைக்குக் குடுத்திட்டன். மஞ்சள் கோட்டுப் போட்டவள். கோட்டின்ரை தலைமூடி கிழிஞ்சு, தலை நனைஞ்சுகொண்டு நிண்டவள். பாவம்."

பாவமாம். என்ன பாவம்? ஒவ்வொரு மழைக்கும் அங்கே நின்று என் அண்ணனைப் பார்க்கிறாள். போதாததற்கு என் குஞ்சமும் அவளுக்கா? அன்று இரவு நான் சாப்பிடவில்லை. வயிற்றுக்குத்து என்று சொன்னேன், அம்மா எனக்கும் மல்லித்தண்ணி தந்தார். கசந்தது. நான் நாளும் பொழுதும் வானத்தைப் பார்க்கிறேன், அவளோ வானம் பார்க்காமலே வந்து நிற்கிறாள். அவளுக்கு ஒரு அப்பா இருக்கிறார், மழைக்குக் கார் எடுக்கிற அப்பா. யோசிக்க யோசிக்க எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் அண்ணனின் சோதினைப் புள்ளிகள் வந்தன. ஒன்றிரண்டு பாடம் இறங்கியிருந்தது. அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

"வாற சனியோடை உந்த விளையாட்டை விடு" என்றார். "வாங்குக்குக் காவல் இருக்கிறதுக்குப் படிப்பை விடேலாது. மழை நாளிலை எங்கை திரியிறாய் எண்டும் எனக்குத் தெரியாது."

அண்ணனின் முகம் சிவந்தது. அவன் அப்பாவோடு வாய் காட்டுகிறவன் இல்லை. அன்று காட்டினான்.

"வாற சனி ஸ்னோ எண்டு சொல்லுறாங்கள் அப்பா. ஸ்னோவுக்கை ஒருக்கா வந்து பாருங்கோ. பாத்திட்டு விடச் சொல்லுங்கோ, விடுறன்."

"மழைக்கே நடக்காது. ஸ்னோவுக்கை நடக்குதாம்" என்று அப்பா சிரித்தார்.

சனிக்கிழமை விடியும்போதே பனி விழத் தொடங்கியிருந்தது. அந்த வருடத்தின் முதற்பனி, காயாத ஈரப் பனி. அண்ணன் பஸ்ஸில் போய்விட்டான். மத்தியானம் போல அப்பா எழும்பிச் சப்பாத்தைப் போட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த, வளைந்த பிடியுள்ள கறுப்புக் குடையை எடுத்தார்.

"காலமைச் சாப்பாட்டுக்குப் பாண் முடிஞ்சுது. கடைக்குப் போட்டு வாறன்" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் வா" என்றார்.

கடை வீட்டுக்குக் கீழேதான் இருந்தது. கார் அதைத் தாண்டிப் போனபோது எனக்கு எல்லாம் விளங்கியது. வெறும் மைதானத்தை நேரிலே பார்த்துவிட்டு வந்து அண்ணனைப் பிடிப்பதற்காகத்தான் அப்பா போகிறார். சாட்சிக்கு நான். நெடுஞ்சாலையில் கார்கள் நத்தையாக ஊர்ந்தன. வைப்பர் கிறீச்சிட்டது. இரண்டு இடத்தில் கார்கள் வழுக்கி ஓரத்தில் கிடந்தன. ஒவ்வொன்றையும் கடக்கும்போது, "உதுக்குள்ளை மட்சாம்" என்றார் அப்பா. பிள்ளையாரே, மைதானத்தில் ஆட்கள் இருக்க வேண்டும் என்று நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆட்கள் இல்லாவிட்டால் என் அண்ணன் பொய்யன்.

காரை நிறுத்தி இறங்கும்போதே சத்தம் கேட்டது. மேளமும் ஊதுகுழலும், ஆட்கள் கத்துவதும். அப்பா நடப்பதை நிறுத்திவிட்டு ஒருமுறை காது கொடுத்தார். குடையை விரித்தார். வாசலால் உள்ளே போகாமல், மைதானத்தின் ஒரு முனையிலிருந்த கம்பி வேலிக்கு வெளியே போய் நின்றோம். எங்களுக்கு நேர் முன்னே, வேலிக்கு உட்புறம், சிறிய படிக்கட்டில் சனம் போர்வைகளால் மூடிக்கொண்டு நின்றது. அவர்களுக்கு நடுவில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. அதன்மேல் என் சிவப்புத் தொப்பி, என் வெள்ளைக் குஞ்சம்.

மைதானத்தில் பச்சை என்று ஒன்று இல்லை. கோடுகள் தெரிவதற்காக ஆட்கள் சவளால் பனியை வழித்துக்கொண்டிருந்தார்கள். வீரர்களின் வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது. ஒருவன் பந்தை எறிந்தான், அது சவர்க்காரம் போல மற்றவன் கையிலிருந்து நழுவியது. பிறகு எறிவதை விட்டுவிட்டார்கள். வரிசைக்குப் பின்னே ஒரு கட்டை உருவம் குனிந்து நின்றது.

"அண்ணா" என்றேன்.

பந்தை அவன் நெஞ்சுக்குள் திணித்தார்கள். தேங்காயைக் கட்டிப்பிடித்த அதே பிடி. அவன் பாயவில்லை, பறக்கவில்லை. குறுகக் குறுக அடி வைத்து ஓடினான். உயரமானவர்கள் அவனை மறிக்கத் திரும்பும்போது கால் வழுக்கி விழுந்தார்கள், இவன் விழவில்லை. ஒருவன் இடுப்பைப் பிடித்தான், இன்னொருவன் முதுகில் தொங்கினான், இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு எங்கள் பக்கமாகவே வந்தான்.

"விழாதை" என்றார் அப்பா மெதுவாக. பிறகு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டேய், விழாதை! விழாதை மோனை!" என்று கத்தினார். அப்பா அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அண்ணன் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி வந்து விழுந்தான். சனம் துள்ளியது. அவன் எழுந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, எங்கள் பக்கம் பார்த்து வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி இரண்டு தரம் ஆட்டினான். மஞ்சள் மழைக்கோட்டு துள்ளித் துள்ளிக் கை காட்டியது. குஞ்சம் அங்குமிங்கும் ஆடியது. நான் அந்தக் குஞ்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணுக்குள் நெருப்பாக எரிந்தது. இவ்வளவு வழுக்கலில் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறேன், அவன் கை காட்டுவது அவளுக்கா? அந்த நேரம் பார்த்து அப்பாவின் கை தடுமாறிக் குடை ஆடியது. குடைமேல் இருந்த பனி முழுவதும் என் தலையில் கொட்டி, கழுத்துக்குள் இறங்கியது.

"வா, போவம்" என்றார் அப்பா.

வழியில் பாணும் பாலும் வாங்கினார். லிஃப்டில், "உன்ரை அம்மாட்டைச் சொல்லாதை, நான் சொல்லுறன்" என்றார். அவர் சொல்லவேயில்லை.

அண்ணன் இருட்டோடு வந்தான்.

"மட்ச் நடந்ததோ?" என்று கேட்டார் அப்பா.

"ஓம் அப்பா."

"தலை நனைஞ்சுபோச்சு. துடை" என்று துவாயை எடுத்து நீட்டினார். விடச் சொன்ன கதையை அதன்பின் அவர் எடுக்கவேயில்லை. அப்பாவுக்கு மகன் மேலே ஒரு எரிச்சலும் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். தன்னை நிறுத்திய மழை அவனை நிறுத்தவில்லை அல்லவா? அன்று எனக்கு அது விளங்கும் வயதில்லை. அடுத்த கோடையில் பயிற்சியின்போது அண்ணனின் முழங்கால் போய்விட்டது. அதோடு அவனுடைய ஆட்டமும் முடிந்தது. அந்தக் குடை வீடு மாறும்போது எங்கேயோ தொலைந்தது. அப்பாவும் போய்விட்டார்.

போன நவம்பரில் மில்லிக்கனில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ரீவியில் இரண்டு கல்லூரி அணிகள் பனிக்குள் விளையாடிக்கொண்டிருந்தன. அண்ணன் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டு பார்த்தான். அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இப்பிடி ஒரு ஸ்னோவுக்கை, நீ உன்ரை மஞ்சள் கோட்டுக்காரிக்குக் கை காட்டினனி, ஞாபகமிருக்கோ?"

"எந்த மஞ்சள் கோட்டு?"

"என்ரை குஞ்சத்தைக் குடுத்தியே, அவள்."

நெற்றியைச் சுருக்கி யோசித்தான். அவளை அவன் மறந்தே போயிருந்தான். "ஓ, அந்தச் சின்னப் பெட்டை. அவளுக்கு நான் ஏன் கை காட்டுறன்? அப்பாவுக்கெல்லோ காட்டினனான்."

"எங்களைக் கண்டனியோ?"

"ஸ்னோவுக்கை குடை பிடிச்சுக்கொண்டு நிக்கிற மனுசன் இந்த நாட்டிலை வேறை ஆர்?" என்று சிரித்தான். "வேலியடியிலை கறுப்பாக் கண்ட உடனை தெரிஞ்சிட்டுது. அதுக்குப் பிறகு ஓடினதுதான் அந்த ஓட்டம். அவரும் குடையைத் தூக்கித் தூக்கிக் காட்டினவரே. நீ பக்கத்திலைதானே நிண்டனி, காணேல்லையோ?"

நான் காணவில்லை. அந்தக் குடைக்குக் கீழேதான் நின்றேன், பனி என் தலையில்தான் கொட்டியது, கை தடுமாறியது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். நான் ஒரு தொப்பியைப் பார்த்து எரிந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், என் தலைக்கு மேலால் இவர்கள் இரண்டு பேரும் கதைத்து முடித்திருக்கிறார்கள். பிறகு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அதைப் பற்றி ஒரு சொல் பேசாமல், தங்களுக்குள் வைத்திருந்திருக்கிறார்கள். மஞ்சள் கோட்டுக்காரியை அந்த நிமிடத்திலேயே விட்டுவிட்டேன். வயிறு மட்டும் ஆறவில்லை, இவர்கள் இருவர் மேலும் புதிதாக எரிந்தது.

"அப்பா எப்பிடித் தூக்கினவர்? காட்டு பாப்பம்" என்றேன்.

அண்ணன் என்னை விநோதமாகப் பார்த்தான். பிறகு காலைத் தலையணையிலிருந்து இறக்கி, கதிரைப் பிடியில் ஊன்றி எழும்பினான். குடையைப் பிடிப்பது போல விரல்களை மடக்கி, கையைத் தலைக்கு மேலே உயர்த்தி இரண்டு தரம் ஆட்டினான்.

"இன்னொருக்கா" என்றேன்.